கதாநாயகன் வருவதற்குள் இறந்தவர்கள்

2008 நவம்பர் 29 காலையில் 26/11 தாக்குதலுக்கு ஆளான மும்பை தாஜ் ஹோட்டலில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. கரி படிந்து நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்வையிட, அடுத்த ஓரிரு நாளில் மகாராஷ்டிர முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக் போனார். அவரோடு அவருடைய மகன், நடிகர் ரித்தேஷும் போனார். இயக்குநர் ராம் கோபால் வர்மாவும் போனார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மும்பைக்காரர்கள் கொதித்தார்கள். உறவினரின் உடலைத் தேடிக் குடும்பங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. படத்துக்கு இடம் பார்க்கப் போகவில்லை என்று வர்மா விளக்கம் சொன்னார். கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. பாதுகாப்பில் கோட்டை விட்டார்கள் என்ற ஆத்திரத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ள, சில நாட்களில் தேஷ்முக் பதவி விலகினார்.

2013 மார்ச்சில் வர்மாவின் 'தி அட்டாக்ஸ் ஆஃப் 26/11' திரைக்கு வந்தது. நானா படேகர் அதில் காவல்துறை இணை ஆணையர். தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப்பைப் பிணவறைக்கு அழைத்துப் போய், செத்துக் கிடக்கும் அவனுடைய கூட்டாளிகளைக் காட்டி, மதம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அவர் பேசும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. நானா படேகரின் நடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பிணவறையில் கொலையாளிகளின் உடல்கள்தான் நம் கண்ணில் நிற்கின்றன. அந்த மூன்று நாட்களில் உயிரிழந்த 166 பேரில் ஒருவருடைய வாழ்க்கைகூடப் படம் முடிந்து வெளியே வரும்போது நம்மோடு வருவதில்லை.

வர்மாவின் படம் மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. உண்மையில் நடந்த தாக்குதல்களைப் படமாக்கும்போது நம் ஊரில் ஒரு வாய்பாடு பழகிப்போயிருக்கிறது. முதல் கால் மணி நேரத்துக்குள் சந்தை, ரயில் நிலையம், ஹோட்டல் வாசல் என்று ஒரு கூட்டத்தைக் காட்டுவார்கள். அதில் ஒரு குழந்தை கண்டிப்பாக இருக்கும். குண்டு வெடிக்கும். பிறகு அதிகாரியோ கமாண்டோவோ கோபத்தோடு உள்ளே வருவார். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் தேவை என்பதற்காகவே அந்தக் கூட்டம் செத்துப்போகிறது. கதாநாயகன் வந்த பிறகு அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. நிஜத்தில், அன்றைக்குத்தான் அவர்களுடைய குடும்பங்களின் கதை தொடங்குகிறது.

சி.எஸ்.டி.யில் நின்றவர்கள்

26/11 என்றதும் நம் மனதில் வருவது தாஜின் குவிமாடமும் புகையும்தான். அந்த இரவில் அதிகம் பேர் இறந்த இடம் அது அல்ல. சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில், நெடுந்தூர ரயில்களுக்காகப் பெட்டி படுக்கையோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் மத்தியில் இரண்டு பேர் சுட்டார்கள். 58 உயிர்கள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பிழைப்புக்கு மும்பை வந்து, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

அங்கே கதைக்கா பஞ்சம்? அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே மேலேயிருந்த தன் அறையிலிருந்து நடப்பதைப் பார்த்து, ஓடிவிடாமல் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவிப்புக் கொடுத்தார். அவர் குரலைக் கேட்டு வேறு வழியாக வெளியேறிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். பக்கத்திலிருக்கும் காமா மருத்துவமனையில் செவிலியர் அஞ்சலி குல்தே, 20 கர்ப்பிணிகளைப் பாதுகாப்பான அறைக்குள் கொண்டுபோய் அடைத்துக் காப்பாற்றினார். பிறகு நீதிமன்றத்தில் கசாப்பை அடையாளம் காட்டினார். 2022இல் ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் அந்த இரவைப் பற்றிப் பேசினார். ரயில் நிலையத்தில் காலில் குண்டு பாய்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொன்னாள். அவளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் தயங்கின. அரசு தருவதாகச் சொன்ன வீட்டுக்காக, வளர்ந்த பிறகு அவள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்பே, கடலில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். கொலையாளிகள் வந்த 'குபேர்' படகு குஜராத் மீனவர்களுடையது. அதில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டுத்தான் மும்பைக்கு வந்தார்கள். 26/11இன் முதல் பலிகள் அவர்களே. கடலில் வீசப்பட்டவர்களின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் இறந்ததற்குச் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் இழப்பீடும் இல்லை. கணவன் கொல்லப்பட்டான் என்று நிரூபிக்கவே ஒரு மீனவப் பெண் வருடக்கணக்கில் அலைய நேர்ந்தது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு எப்படியிருக்கும் என்பதை நாகப்பட்டினத்திலும் ராமேசுவரத்திலும் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த ஒரு குடும்பத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும், இரண்டரை மணி நேரப் படம் தானாக வந்துவிடும்.

ஆனால் கேமரா மறுபடி மறுபடி தாஜுக்குள்தான் போகிறது. ஆஸ்திரேலிய இயக்குநர் ஆந்தனி மாரஸின் 'ஹோட்டல் மும்பை' நல்ல படம். விருந்தினரைக் காப்பாற்ற ஊழியர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்ததை அது மதித்துச் சொல்கிறது. சமையல் தலைவர் ஹேமந்த் ஓபராயாக அனுபம் கெர் நடித்திருக்கிறார். அதிலும் ரயில் நிலையம் முன்னுரை அளவுக்குத்தான் வருகிறது. பிரெஞ்சு இயக்குநர் நிக்கோலா சாதா 2015இல் எடுத்த 'தாஜ்மஹால்' இன்னும் துணிச்சலானது. ஹோட்டல் அறையில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண், கையில் ஒரு செல்போன், வெளியே சத்தம். கொலையாளிகள் அவள் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் பெரும்பாலும் தெரிவதே இல்லை. பயத்தை ரத்தம் காட்டாமல் சொல்ல முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். இருந்தாலும் அதுவும் தாஜ்தான். மேல்தட்டு விருந்தினர் சிக்கிக்கொண்ட இடம் உலகச் சந்தைக்கு ஏற்ற களம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கில் இரண்டாம் வகுப்புப் பயணி விட்டுப்போகிறான்.

நீதிமன்றத்தில் யார் குரல் கேட்டது?

இது வெறும் ரசனைப் பிரச்சினையாக எனக்குத் தெரியவில்லை. இதில் உரிமையும் இருக்கிறது. மூன்று படங்கள் நீதிமன்றத்தில் என்ன ஆயின என்று பார்க்கலாம்.

1993 மார்ச் 12 அன்று மும்பையில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. பங்குச் சந்தை, ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார் என்று நகரம் முழுக்க வெடித்தது. தாதரில் பிளாசா என்ற சினிமா தியேட்டரும் தப்பவில்லை. 257 பேர் இறந்தார்கள். ஹுசைன் ஜைதியின் புத்தகத்தை வைத்து அனுராக் காஷ்யப் எடுத்த 'பிளாக் ஃபிரைடே', இந்தியாவில் இந்த வகையில் வந்த படங்களில் எனக்குத் தெரிந்து மிக நேர்மையானது. குண்டு வைத்தவனைத் துரத்துகிற போலீஸ், விசாரணையில் நடக்கும் சித்திரவதை, அதற்கெல்லாம் முன்பு நடந்த கலவரம் என்று யாருக்கும் சலுகை தராமல் சொல்லியது. வழக்கின் தீர்ப்பு வருமுன் படம் வந்தால் எங்களுக்கு நியாயம் கிடைக்காது என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2005இல் வரவேண்டிய படம் 2007 பிப்ரவரியில்தான் வந்தது. அந்தத் தடை சரி என்றே நான் நினைக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும்.

இரண்டாவது, கபீர் கானின் 'ஃபாண்டம்'. 26/11க்குக் காரணமானவர்களை இந்தியா தேடிப்போய்ப் பழிவாங்குவதாகக் கற்பனை செய்த படம். அதைத் தடை செய்யச் சொல்லி லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் ஹஃபீஸ் சயீத். அந்தத் தாக்குதலின் சூத்திரதாரி என்று இந்தியா குற்றம் சாட்டுகிறவர். 2015இல் அவர் கேட்டபடியே பாகிஸ்தானில் படத்துக்குத் தடை விழுந்தது.

மூன்றாவது வழக்குதான் என் மனதை அறுக்கிறது. 2016 ஜூலை 1 இரவு டாக்காவில் ஹோலி ஆர்ட்டிசான் என்ற உணவகத்துக்குள் ஆயுதங்களோடு நுழைந்தவர்கள், பிணைக்கைதிகளாகப் பிடித்த 20 பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் இத்தாலியர்களும் ஜப்பானியர்களும் இருந்தார்கள். ஃபராஸ் என்ற வங்கதேச இளைஞனும் அவனுடைய தோழிகள் இருவரும் இருந்தார்கள். தோழிகளில் ஒருத்தி இந்தியப் பெண். அவனை மட்டும் போகச் சொன்னபோது, தோழிகளை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று மறுத்தான் என்று சொல்கிறார்கள். ஹன்சல் மேத்தா இதை 'ஃபராஸ்' என்ற பெயரில் படமாக்கினார். தோழிகள் இருவரின் தாய்மார்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் மகள்களின் கடைசி நேரத்தை ஊர் பார்க்கும்படி செய்ய வேண்டாம் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

வழக்கு நடந்தபோது, தாய்மாருக்குப் படத்தை முன்கூட்டிக் காட்டுவீர்களா, அவர்களுடன் உட்கார்ந்து பேசுவீர்களா என்றெல்லாம் நீதிபதிகள் கேட்டுப் பார்த்தார்கள். பேச்சு முடிவுக்கு வரவில்லை. அந்தரங்க உரிமை ஒருவரோடு முடிந்துபோவது. இறந்தவரின் அந்தரங்கத்துக்கு அவருடைய தாய் வாரிசாக உரிமை கோர முடியாது என்பது சட்டத்தின் நிலை. 2023 பிப்ரவரி 3 அன்று, ஒரு பொறுப்புத் துறப்பு வாசகத்தோடு படம் வெளியானது.

படத்தில் ஒரு காட்சி வரிசை உண்டு. போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம், மகன் உயிரோடு வருவானா என்று ஃபராஸின் தாய் நிற்கிறார். ஜூஹி பப்பர் அதை மிகவும் அடக்கி, அருமையாகச் செய்திருக்கிறார். தாயின் தவிப்பைப் புரிந்துகொண்டவர்கள்தான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். அதே இரவில் அதே உணவகத்தில் மகள்களைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார், அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் நின்றார்கள்.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் ஒரு வேர் நம் சென்னையில்தான் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தபோது, பொது ஆவணங்களில் இருப்பதை எழுத யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் இந்த நாட்டில் பாதிப் பத்திரிகைகள் எழுத முடியாது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த 'தலைவி' வழக்கிலும், இறந்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. குடும்பங்களிடம் தடை அதிகாரம் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொரு அரசியல்வாதியின் பிள்ளையும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். எனவே தடை வேண்டாம். கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் ஒரு கலைஞரின் மனசாட்சிக்கு வேலை வருகிறது. அரசியல்வாதியின் வாரிசும், பொதுவாழ்க்கைக்கே வராத பெண்ணின் தாயும் ஒன்றல்ல என்பது யாரும் சொல்லாமலே ஒரு இயக்குநருக்குத் தெரிய வேண்டும்.

அனுமதி இல்லாமல் எடுத்த குரல்

கேத்ரின் பிகலோவின் 'ஸீரோ டார்க் தர்ட்டி' (2012) பின்லேடன் வேட்டையைப் பற்றியது. படம் தொடங்கும்போது திரை முழுவதும் இருட்டு. 2001 செப்டம்பர் 11 அன்று தொலைபேசியில் பேசியவர்களின் உண்மையான குரல்கள் மட்டும் கேட்கின்றன. விமானத்திலிருந்தும், எரியும் கோபுரத்திலிருந்தும் வந்த கடைசிக் குரல்கள். தியேட்டரில் உட்கார்ந்து கேட்டால் உடம்பு சில்லிட்டுப் போகும். சினிமாவாகப் பார்த்தால் அபாரமான தொடக்கம்.

அந்தக் குரல்களில் ஒன்று தன் பிள்ளையுடையது என்று ஒரு தாய்க்குத் தெரிந்தது. விமானப் பணிப்பெண் ஒருவரின் குடும்பமும் தங்கள் வீட்டுப் பெண்ணின் குரலை அதில் கேட்டது. யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்கர் விழா நெருங்கியபோது அந்தக் குடும்பங்கள் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். படத்தை எடுக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களைக் கேட்டிருக்கலாமே என்றுதான் சொன்னார்கள். ஒரு பாட்டின் இரண்டு வரியைப் படத்தில் வைக்க உரிமை வாங்குகிற தொழில் இது.

அதே செப்டம்பர் 11ஐப் பற்றி பால் கிரீன்கிராஸ் 2006இல் எடுத்த 'யுனைட்டட் 93' வேறு வழியில் போனது. கடத்தப்பட்டு பென்சில்வேனியா வயலில் விழுந்த விமானத்தில் பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேர் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். இறந்தவர் என்ன உடுத்துவார், எப்படிப் பேசுவார் என்று நடிகர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அன்று நாட்டின் விமானப் போக்குவரத்தையே நிறுத்த உத்தரவிட்ட அதிகாரி பென் ஸ்லைனி, தன் வேடத்தில் தானே நடித்தார். அந்தப் பொறுப்பில் அவருக்கு அன்றுதான் முதல் நாள். முதல் வார இறுதி வசூலில் பத்தில் ஒரு பங்கு நினைவிடத்துக்குப் போனது. படத்தில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. யார் கதாநாயகன் என்று ஊகிக்க நமக்கு வழியே இல்லை. எல்லோரும் சாதாரணப் பயணிகளாகவே கடைசிவரை இருக்கிறார்கள். உண்மைத் தாக்குதலை எடுக்க நினைக்கிறவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய படம்.

அதிலும் ஒரு இடம் சறுக்கியது. மற்றவர்கள் கடத்தல்காரர்கள் மீது பாயத் திட்டமிடும்போது, ஒரு ஜெர்மன் பயணி மட்டும் வேண்டாம், அவர்கள் சொல்வதைக் கேட்போம் என்று தடுப்பதுபோல் வருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று விமர்சனம் எழுந்தது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது. கதைக்கு ஒரு மாற்றுக் குரல் தேவைப்பட்டது. செத்துப்போன ஒரு மனிதரின் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். இத்தனை அக்கறையோடு எடுத்த படத்திலேயே இது நடக்கும் என்றால், அக்கறையே இல்லாத படங்களில் என்னென்ன நடக்கும்!

முக்காடு போட்ட சாட்சி

பாரிஸில் 2015 நவம்பர் 13 அன்று 130 பேர் கொல்லப்பட்டார்கள். 90 பேர் பட்டாக்லான் அரங்கில் பாட்டுக் கேட்க வந்தவர்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிறுவனம் அந்த இரவைப் பின்னணியாக்கி ஒரு காதல் கதை எடுக்க முனைந்தது. துணைவரை இழந்த ஒரு பெண் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். நிறுவனம் அதை அப்போதைக்கு நிறுத்திவைத்தது.

2022இல் செட்ரிக் ஹிமெனெஸின் 'நவம்பர்' வந்தது. கொலையாளிகளைப் போலீஸ் ஐந்து நாள் தேடிய கதை. தலைவன் ஒளிந்திருந்த இடத்தை ஒரு பெண் துணிந்து காட்டிக்கொடுத்ததால்தான் அவன் சிக்கினான். அதன்பிறகு அந்தப் பெண் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு மறைந்து வாழ வேண்டியதாயிற்று. படத்தில் அவரை முக்காடு அணிந்தவராகக் காட்டியிருந்தார்கள். நிஜத்தில் அவர் முக்காடு அணிவதில்லை. அவர் ஆட்சேபித்தார். நிஜப் பெண் முக்காடு அணிபவர் அல்ல என்ற வாசகத்தைப் படத்தின் முடிவில் சேர்த்தார்கள்.

சின்ன விஷயம் என்று தோன்றலாம். உயிரைப் பணயம் வைத்து ஒரு நகரத்தைக் காப்பாற்றிய பெண்ணின் தலையில், அவர் போடாத துணியைப் போட்டுவிட்டார்கள். முஸ்லிம் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்ற பழக்கம் ஒரு ஆடை வடிவமைப்பாளரின் கையில் எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது! நம் சினிமாவில் இதே பழக்கம் எத்தனை பேரின் தலையில் குல்லாவும் கண்ணில் மையும் வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தாக்குதலில் இறந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. சி.எஸ்.டி.யில் சுடப்பட்டவர்களிலும் உண்டு. திரையில் அவர்கள் பலியானவர்களாக வருவது மிக அபூர்வம்.

அதே 2022இல், அதே பாரிஸில், ஆலிஸ் வினோகூர் என்ற இயக்குநர் 'பாரிஸை மீண்டும் பார்த்தல்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். அவருடைய சகோதரர் பட்டாக்லானிலிருந்து உயிரோடு வந்தவர். ஒரு உணவகத்தில் நடக்கும் தாக்குதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மிச்சப் படம் முழுவதும் அதற்குப் பின்னால் வரும் மாதங்கள். பிழைத்த ஒரு பெண்ணுக்கு அந்த இரவின் நினைவே அழிந்துபோயிருக்கிறது. யாரோ ஒருவர் இருட்டில் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் ஞாபகம். அவரைத் தேடுகிறாள். அவர் அந்த உணவகத்தின் சமையலறையில் வேலை செய்த ஆப்பிரிக்கர், குடியுரிமைக் காகிதம் எதுவும் இல்லாதவர். அதனாலேயே பலியானவர் பட்டியலிலும் பிழைத்தவர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நம் சி.எஸ்.டி.க்கும் குபேர் படகுக்கும் தேவைப்படுகிற கண் இதுதான்.

நார்வே இன்னொரு பாதையைக் காட்டுகிறது. 2011 ஜூலை 22 அன்று உடோயா தீவில் இளைஞர் முகாமுக்குள் புகுந்த ஒருவன் 69 பேரைக் கொன்றான். அதற்குச் சற்று முன் ஆஸ்லோவில் அவன் வைத்த குண்டுக்கு 8 பேர் பலி. எரிக் பொப்பே 2018இல் அதைப் படமாக்கியபோது, தீவில் துப்பாக்கிச் சூடு நீடித்த 72 நிமிடத்தை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார். பிழைத்தவர்களிடம் பேசித்தான் எழுதினார். எந்தக் குடும்பமும் இது என் பிள்ளை என்று துடிக்கக் கூடாது என்பதற்காகப் பாத்திரங்களைக் கற்பனையாக வைத்தார். உடோயாவில் எடுக்காமல் வேறொரு தீவில் எடுத்தார். கொலைகாரன் தூரத்தில் ஒரு உருவமாக வருவதோடு சரி. அவனுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. தங்கை எங்கே என்று தேடும் ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா ஓடுகிறது. அவன் விரும்பிய விளம்பரத்தை அந்தப் படம் அவனுக்குத் தரவில்லை.

நியூசிலாந்தில் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டனும் இதைத்தான் செய்தார். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று அறிவித்தார். அப்போது அங்கே தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த 'ஹோட்டல் மும்பை'யை விநியோகஸ்தர்கள் எடுத்துவிட்டார்கள். 2021இல் அந்தத் தாக்குதலைப் பற்றி ஹாலிவுட் படம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கதாநாயகி யார் தெரியுமா? பிரதமர். கொல்லப்பட்ட முஸ்லிம்களை ஓரத்தில் வைத்துவிட்டு, ஆறுதல் சொல்ல வந்தவரை நடுவில் வைக்கிறார்களே என்று அந்தச் சமூகத்து இளைஞர்கள் திரண்டார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு தயாரிப்பாளர் விலகினார். ஆர்டனே தன்னைப் பற்றிய படம் வேண்டாம் என்ற தொனியில் பேசினார். நம் நாட்டில் இப்படி ஒரு எதிர்ப்பை இறந்தவர்களின் குடும்பங்கள் முன்னின்று நடத்தி நான் பார்த்ததில்லை. கட்சிகளும் சாதிச் சங்கங்களும் தியேட்டர் முன் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்

நம்மால் முடியாதது ஒன்றுமில்லை. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட நீரஜா பனோட்டைப் பற்றி ராம் மாத்வானி எடுத்த படம் (2016), குடும்பத்தின் சம்மதத்தோடு வந்தது. விமானத்துக்குள் நடப்பதற்கு இணையாக, மும்பையில் செய்திக்காகக் காத்திருக்கும் வீட்டையும் காட்டியது. அதன் கடைசியில் ஷபானா ஆஸ்மி, மகளைப் பற்றிப் பேச மேடையேறும் தாயாக நின்ற காட்சிதான் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கும் வெகு முன்பே, 1992இல், காஷ்மீரில் இந்தியன் ஆயில் அதிகாரி ஒருவர் கடத்தப்பட்ட நிகழ்விலிருந்து பிறந்த 'ரோஜா', மொழி தெரியாத ஊரில் அதிகாரிகளின் கதவைத் தட்டும் மனைவியைக் கதையின் நடுவில் வைத்தது. அந்த வழியில் நம் சினிமா பிறகு அதிகம் போகவில்லை.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி எத்தனை படங்கள்! 'தி டெரரிஸ்ட்' படத்தில் சந்தோஷ் சிவன் மனிதவெடிகுண்டாகப் போகும் பெண்ணின் மனதுக்குள் போனார். அது அழகான படம். ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தணிக்கையில் பல ஆண்டு முடங்கி 2007இல் வெளிவந்தது. 'குப்பி' கொலையாளிகளின் கடைசி நாட்களைச் சொன்னது. மலையாளத்தில் 'மிஷன் 90 டேஸ்' கமாண்டோவின் கதை. உளவு அதிகாரியின் கோணத்தில் சொன்ன 'மெட்ராஸ் கஃபே' எதிர்ப்பால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கே வரவில்லை. 2025இல் 'தி ஹன்ட்' தொடர் புலனாய்வுக் குழுவின் பின்னால் போனது. கொன்றவர், துரத்தியவர், பிடித்தவர் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு படம் கிடைத்துவிட்டது.

அந்த இரவில் எடுத்த ஒரு புகைப்படத்தைத் தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். சதிகாரர்கள் அழைத்து வந்த புகைப்படக்காரர் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். அவருடைய கேமரா உடையாமல் கிடைத்தது. அதிலிருந்த படச்சுருள்தான் புலனாய்வுக்கு முதல் தடயம். ஒரு படத்தில் மனிதவெடிகுண்டாக வந்த பெண் சந்தன மாலையோடு நிற்கிறாள். முப்பது வருடத்துக்கும் மேலாக நாம் அந்தப் படத்தில் அவளைத்தான் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு சிறுமியும் அவள் தாயும் நிற்கிறார்கள். ராஜீவ் காந்திக்கு வாசித்துக் காட்ட அந்தச் சிறுமி கவிதையோடு வந்திருந்தாள். வாசித்தாள். அதற்குப் பிறகு அவளும் இல்லை, தாயும் இல்லை. காவல் பணியில் நின்றிருந்த போலீஸ்காரர்கள் பலர் இறந்தார்கள். கூட்டத்துக்கு வந்த தொண்டர்கள் இறந்தார்கள். காயங்களோடு பிழைத்தவர்கள் உடம்பில் குண்டுச் சில்லுகளைச் சுமந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். 2022இல் குற்றவாளிகள் விடுதலையான சமயத்தில் இந்தக் குடும்பங்களில் சிலர் பத்திரிகைகளிடம் பேசினார்கள். அந்த விடுதலையை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் தங்கள் வாதத்தை உரக்கச் சொன்னார்கள். இவர்கள் சொன்னது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி அடுத்த படத்தை எடுக்கப்போகும் இயக்குநருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படம் கட்டாயம் வரும். இந்தக் கதையைச் சினிமா விடாது. எந்த அதிகாரியின் நினைவுக்குறிப்புக்கு உரிமை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், அன்று இறந்த ஒரு போலீஸ்காரரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். தவறு என்று சொன்னால் திருத்துங்கள். படத்தின் முடிவில், இறந்த எல்லோருடைய பெயரையும் தமிழில், படிக்க நேரம் கொடுத்துப் போடுங்கள். தள்ளிப்போடவும் நேரமில்லை. அன்று இருபது வயதில் அப்பாவை இழந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.